ஒட்டினால் மட்டும் விழிக்கும் வினையூக்கி

ஒரு புரதம் உருவானதோடு அதன் வேதியியல் முடிந்துவிடுவதில்லை. இங்கே ஒரு பாஸ்பேட்டை ஒட்டி, அங்கே ஓர் அசிட்டைலைக் கழற்றி, நொதிகள் அதை ஓயாமல் திருத்துகின்றன. அது வேலை செய்யுமா, சும்மா கிடக்குமா என்பது பெரும்பாலும் இந்தத் திருத்தங்களைப் பொறுத்தது. உடலில் எந்த நொதியும் செய்யாத ஒரு திருத்தத்தை ஆய்வகத்தில் உருவாக்கிய வினையூக்கியால் செய்ய முடியுமா? டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மோட்டோமு கனாய் குழுவினர் எடுத்துக்கொண்ட கேள்வி இது.

அவர்கள் குறிவைத்த புரதங்களில் ஒன்று, அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா. நாற்பது சொச்சம் அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. தனியாக இருக்கும்வரை பெரிய தொல்லையில்லை. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி இழையாகும்போதுதான் வினை. சங்கிலியில் ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துவிட்டால் அந்த அடுக்கு சரியாக அமையாது. ஆனால் வீரியமான ஆக்சிஜனை மூளைக்குள் அவிழ்த்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதங்களும் சேர்ந்து கெடும்.

2016இல் அவர்கள் வெளியிட்ட தீர்வு என்னை இன்றும் வியக்கவைக்கிறது. அமிலாய்டு இழைகளை அடையாளம் காண ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் சாயம் தயோஃபிளேவின்-டி. அதன் மூலக்கூறு இரண்டு பாதிகளால் ஆனது. நடுவே ஒற்றைப் பிணைப்பு. நீரில் மிதக்கையில் ஒளியை வாங்கினால், பாதிகள் முறுக்கிச் சுழன்று அந்த ஆற்றலை வீணாக்கிவிடும். இழையின் பள்ளத்தில் பதிந்துகொண்டாலோ சுழல இடமில்லை. வாங்கிய ஆற்றல் ஒளியாக வெளிவரும். இந்த அமைப்பைத் தழுவிய மூலக்கூறில் புரோமின் போன்ற கனமான அணுவைச் சேர்த்தால், ஆற்றல் ஒளியாகாமல் பக்கத்து ஆக்சிஜனுக்குப் போகும். அப்படித் தூண்டப்பட்ட ஆக்சிஜன் வெகுதூரம் போகுமுன் அடங்கிவிடுவதால், அருகிலுள்ள ஹிஸ்டிடின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்களையே தாக்கும். ஆக, இழையில் ஒட்டாத மூலக்கூறுமீது ஒளி பட்டாலும் பெரிதாக எதுவும் நடக்காது.

குறுகிய அலைநீள ஒளி திசுக்களில் ஆழமாக இறங்காது. அதனால் சிவப்புக்கும் அதற்கு அப்பாலும் உள்ள ஒளியை ஏற்கும் வினையூக்கிகளைத் தேடினார்கள். மஞ்சளின் நிறம் தரும் குர்குமினைத் தழுவியும் ஒன்றை வடிவமைத்தார்கள். 2021இல் அல்சைமர் மாதிரி எலிகளில் அமிலாய்டு குறைந்ததைக் காட்டினார்கள். ஆக்சிஜன் ஏறிய புரதத்தை மூளையின் துப்புரவு உயிரணுக்களான மைக்ரோக்ளியா எளிதாக அகற்றுவதும் தெரியவந்தது.

எலியின் மண்டையோடு மெல்லியது. மனித மண்டையோட்டைக் கடந்து, மூளையின் ஆழம்வரை போதிய ஒளியைக் கொண்டுசேர்ப்பதுதான் இனி மலைப்பான வேலை.