மின்சாரம் தேடினர், குடிநீர் கண்டனர்

சாஆ, சிகாமட் வட்டாரங்களில் பரந்து கிடக்கும் செம்பனைத் தோட்டங்களின் கழிவு, ஆண்டு முழுவதும் கிடைக்கும் வெயில், நாட்டைச் சூழ்ந்துள்ள கடல் ஆகிய மூன்றிலிருந்தும் மின்சாரம் பெற முடியும். இத்தகைய வளங்கள் தருவதைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பர். அதைப் பெறும் வழிகளை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட பொறியியல் பேராசிரியர்கள் பலர் உள்ளனர்.

இப்பணிக்கு வருவோர் பொறியியலில் இளங்கலைப் பட்டம் பெற்ற பின் முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் படிக்கின்றனர். பிறகு விரிவுரையாளராகச் சேர்ந்து, இணைப் பேராசிரியர், பேராசிரியர் எனப் படிப்படியாக உயர்கின்றனர். பாடம் நடத்துதல், ஆய்வு மாணவர்களை வழிநடத்துதல், ஆய்வுக் கட்டுரை எழுதுதல், ஆய்வுக்கு நிதி திரட்டுதல் ஆகியவை அவர்களின் கடமைகள். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி நன்கு இயங்கினால் கட்டுரை எழுதிவிடலாம். அதே கருவி புயலிலும் உப்புக்காற்றிலும் இயங்குமா என்பது கடினமான வினா. சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் பேராசிரியர்கள் இவ்வினாவை நேரடியாகச் சந்தித்தனர்.

அங்கு அலை ஆற்றல் ஆய்வு 1983ஆம் ஆண்டில் தொடங்கியது. அதில் முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர் பேராசிரியர் எம். ரவீந்திரன். இக்குழுவின் முயற்சியால் 1991இல் கேரளக் கடற்கரையில் உள்ள விழிஞத்தில் 150 கிலோவாட் திறன் கொண்ட அலை மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கடலில் நிறுத்தப்பட்ட பெரிய கற்காரை அறையே அதன் முக்கியப் பகுதி. அலை உள்ளே புகும்போது அறையின் நீர்மட்டம் உயர்ந்து, காற்றை மேலே தள்ளும். அலை பின்வாங்கும்போது காற்று மீண்டும் உள்ளே இழுக்கப்படும். இவ்வாறு போய்வரும் காற்று ஒரு சுழலியைச் சுற்றும். காற்று எத்திசையில் வீசினாலும் ஒரே பக்கமாகச் சுழலும் இச்சுழலியை உருவாக்கியவரும் ஒரு பேராசிரியரே. அவர் பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆலன் வெல்ஸ்.

மின்நிலையம் இயங்கியது, ஆனால், அலைகள் ஒரே சீராக எழவில்லை. மின்சாரமும் கூடியும் குறைந்தும் வந்தது. 1993இல் சென்னையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அமைக்கப்பட்டது. ரவீந்திரன் அதன் முதல் இயக்குநரானார். அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விழிஞத்தின் அலை மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கிப் பார்த்தனர். நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீர் தரும் வகையில் அக்கருவி அமைக்கப்பட்டது. மின்சாரம் சீராக வராவிட்டாலும், கிடைத்த நீரைத் தொட்டியில் சேமித்து வைக்கலாம் அல்லவா?

அடுத்த முயற்சி கடலின் வெப்பத்தைப் பற்றியது. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும்; 1,000 மீட்டர் ஆழத்து நீரோ மிகக் குளிர்ந்திருக்கும். வெதுவெதுப்பான நீரால் அம்மோனியாவை ஆவியாக்கிச் சுழலியைச் சுற்றச் செய்து, குளிர்நீரால் அதை மீண்டும் திரவமாக்கலாம். ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்துடன் இணைந்து, தூத்துக்குடிக்கு அப்பால் 1 மெகாவாட் மிதவை நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயைக் கடலுக்குள் இறக்கும் பணி வெற்றி பெறவில்லை. பல ஆண்டு உழைப்பிற்குப் பின்னும் அத்திட்டம் நிறைவேறவில்லை.

ஆயினும், குளிர்நீரைப் பற்றி ஆய்வாளர்கள் கற்றது வீணாகவில்லை. இலட்சத்தீவுகளில் நல்ல குடிநீர் கிடைப்பது அரிது. அங்குள்ள கவரத்தித் தீவில் கரைக்கு அருகிலேயே கடல் ஆழமாகிவிடுகிறது. அதனால் நீண்ட குழாய் தேவைப்படவில்லை. அழுத்தம் குறைந்த அறைக்குள் மேற்பரப்பு நீரைச் செலுத்தினால், அதைக் கொதிக்க வைக்காமலேயே ஒரு பகுதி ஆவியாகும். அந்த ஆவியை, ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த குளிர்நீரால் குளிர்வித்தால் நன்னீர் கிடைக்கும். 2005இல் தொடங்கப்பட்ட இந்த ஆலை நாள்தோறும் 1 இலட்சம் லிட்டர் நீர் தரும் திறன் பெற்றது. இது மின்சாரம் தயாரிக்கவில்லை. நீரேற்றிகளை இயக்க மின்சாரத்தைச் செலவிடுகிறது. ஆனால், தீவு மக்களின் தாகத்தைத் தீர்த்தது. பிறகு மினிக்காய், அகத்தித் தீவுகளிலும் இத்தகைய ஆலைகள் அமைக்கப்பட்டன.

மலேசியாவிலும் இத்துறை ஆராயப்படுகிறது. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. சபாவுக்கு அப்பாலுள்ள கடலோ 1,000 மீட்டருக்கும் மேல் ஆழமானது. ஜொகூரின் ஸ்கூடாயைத் தலைமையிடமாகக் கொண்ட மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கடல் வெப்ப ஆற்றலுக்கென ஓர் ஆய்வு மையத்தை நிறுவியுள்ளது.

பேராசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரைகளையும் பெற்ற பட்டங்களையும் எளிதில் எண்ணிவிடலாம். அவர் தொடங்கி வைத்த ஆய்வு, அவருக்குப் பின் வருவோரின் கையில் எந்த வடிவில் பயன் தரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியாது. அதனால்தான் ஒரு முயற்சி ஏன் நிறைவேறவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதி வைக்கின்றனர்.