ரவுட்டருக்குள் நான்கு மெமரி

ரவுட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தான். மானிட்டரும் கீபோர்டும் இல்லையே தவிர, பிராசசரும் மெமரியும் அதற்குள் உண்டு. அலுவலகங்களில் பயன்படும் சிஸ்கோ ரவுட்டரை எடுத்துக் கொள்வோம். அதன் மெமரி நான்கு வகைப்படும்.

ரோம்: ஸ்விட்சைப் போட்டதும் ரவுட்டரைச் சோதித்து இயக்கத் தொடங்கும் புரோகிராம் இதில் உள்ளது.

ஃபிளாஷ்: ஐஓஎஸ் என்னும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்குமிடம்.

என்விரேம்: நாம் சேமித்த செட்டிங்குகள் இருக்குமிடம். கரண்ட் போனாலும் அழியாது.

ரேம்: வேலை நடக்குமிடம். கரண்ட் போனால் காலி.

ரவுட்டரைக் கன்சோல் கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்து, புட்டி போன்ற டெர்மினல் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். 'எனேபிள்' என்று டைப் செய்து பாஸ்வேர்டு கொடுத்தால் > குறி # ஆக மாறும். இனி நீங்கள்தான் நிர்வாகி. 'ஷோ வெர்ஷன்' கட்டளை மெமரி அளவுகளைக் காட்டும். 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' ரேமில் உள்ள செட்டிங்குகளையும், 'ஷோ ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' என்விரேமில் உள்ளவற்றையும் காட்டும்.

இங்கேதான் கவனம் தேவை. நீங்கள் செய்யும் மாற்றம் உடனே அமலுக்கு வரும். ஆனால் அது ரேமில் மட்டுமே இருக்கும். கரண்ட் போய் வந்தால் பழைய செட்டிங்தான். அதை நிரந்தரமாக்க 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' என்று கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு வசதியும் உண்டு. சிக்கலான மாற்றங்களை நான் சேமிக்காமலே சோதித்துப் பார்ப்பேன். சரிப்படாவிட்டால் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும், பழைய நிலை திரும்பிவிடும். எல்லாம் சரியாக இருந்தால்தான் காப்பி கட்டளை!