உங்களுக்குத் தெரியுமா? கடல் கடந்த கனடா பப்கள்

ஐரிஷ் பப் இல்லாத பெருநகரம் உலகில் அரிது. கனடா பப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணிக்கையில் குறைவென்றாலும் சொல்வதற்கு அவற்றில் விஷயம் நிறைய.

● லண்டன் கோவென்ட் கார்டனில் மெய்டன் லேன் என்றொரு குறுகிய தெரு. ஓவியர் டர்னர் 1775இல் பிறந்தது இங்கேதான். 1798இல் தொடங்கிய ‘ரூல்ஸ்’ உணவகம் இன்றும் இங்கே நடக்கிறது. இத்தனை பழைய ஆங்கிலேயத் தெருவில்தான் ‘தி மேப்பிள் லீஃப்’ என்ற கனடா பப் இருக்கிறது. லண்டன்வாழ் கனடியர்கள் ஹாக்கி பார்க்கக் கூடும் இடம். டிரஃபால்கர் சதுக்கத்தில் 1925இல் திறக்கப்பட்ட ‘கனடா ஹவுஸ்’ அங்கிருந்து நடந்துபோகும் தொலைவுதான்.

● 1990களில் டப்ளினிலிருந்து ஐரிஷ் பப்களை மொத்தமாக ஏற்றுமதி செய்யும் தொழிலே வளர்ந்தது. மேஜை, நாற்காலி, விளக்கு, பழைய விளம்பரப் பலகை எல்லாம் கப்பலேறிப் போகும். கின்னஸ் நிறுவனம் ஊக்கம் கொடுத்தது. கனடாவுக்கு அப்படி ஓர் அச்சு கிடையாது. ஒரு மூஸ் மான் தலை, சுவரில் ஹாக்கி ஜெர்ஸி, சிவப்பு வெள்ளைக் கொடி. அலங்காரம் அவ்வளவோடு சரி. ஒரு பப்பைக் கனடா பப் ஆக்குவது அங்கே ஓடும் டிவிதான் என்பேன்.

● அந்த டிவியில் ஓடுவது ஹாக்கி. நமக்கு ஹாக்கி என்றால் புல்தரையும் தயான்சந்தும். கனடியருக்கு அந்தச் சொல்லே பனித்தரை ஆட்டத்தைத்தான் குறிக்கும். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் டொராண்டோவில் சனிக்கிழமை இரவு 7 மணிக்கு ஆட்டம் தொடங்கினால் லண்டனில் நள்ளிரவு 12, பாரிஸில் 1 மணி, டோக்கியோவில் ஞாயிறு காலை 9. ஒரே ஆட்டத்தை ஒரு நகரத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டும், இன்னொரு நகரத்தில் காலைக் காபியோடும் பார்க்கிறார்கள்.

ஒலிம்பிக் வந்தால் கணக்கு மாறும். 2010 பிப்ரவரி 28, வான்கூவர் இறுதி ஆட்டம். கூடுதல் நேரத்தில் கனடாவின் சிட்னி கிராஸ்பி கோல் அடித்து அமெரிக்காவை 3-2 என வென்றபோது லண்டனில் இரவு. ஊரே விழித்திருக்கும் நேரம், பப்புக்கு ஏற்ற நேரம். 2014 சோச்சி இறுதி ஆட்டம் லண்டனில் நண்பகல் 12 மணிக்குத் தொடங்கியது. அதே நேரம் டொராண்டோவில் காலை 7, கால்கரியில் விடிகாலை 5! கனடாவில் பல இடங்களில் மது விற்பனை நேரத்தைத் தளர்த்தி, விடிவதற்குள் பார்களைத் திறக்க அனுமதித்தார்கள். அன்று சொந்த ஊர்க்காரர்களைவிட லண்டன் கனடியர்கள்தான் வசதியாக உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். ஸ்வீடனை 3-0 என்று கனடா வென்றது.

● பாரிஸில் ஓடியோன் பக்கம் போனால் ‘தி மூஸ்’. கனடிய ஸ்போர்ட்ஸ் பார். பிரெஞ்சுத் தலைநகரில் கியூபெக்கின் பூட்டீன் கிடைக்கும் இடம்.

● பூட்டீன் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1950களின் இறுதியில் கியூபெக் கிராமப்புறத்தில் பிறந்த பலகாரம். உருளைக்கிழங்கு வறுவல், அதன்மேல் புதிய சீஸ் துண்டுகள், அதன்மேல் சூடான பழுப்பு நிற கிரேவி. உயிர்நாடி அந்தச் சீஸ் துண்டுதான். பாலைத் திரித்து எடுத்த அன்றைக்கே சாப்பிட்டால் பல்லில் பட்டதும் ‘கீச்’ என்று சத்தம் வரும். பால் புரதமும் கால்சியமும் ரப்பர் வலைபோல இறுகிப் பிணைந்திருப்பதே காரணம். ஓரிரு நாளில் புளிப்பேற ஏற அந்தப் பிணைப்பு தளர்ந்து சத்தமும் அடங்கிவிடும். இதனால்தான் கடல் கடந்த பப்களில் நல்ல பூட்டீன் அபூர்வம். பல இடங்களில் மொசரெல்லாவைத் துருவிப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். அது கிரேவி பட்டதும் நூல்நூலாக உருகிவிடும். உண்மையான துண்டு ஓரம் மட்டும் இளகி, நடுவில் கெட்டியாகவே இருக்கும். முள்கரண்டியால் ஒன்றைக் குத்தித் தூக்கிப் பாருங்கள், பப்பின் தரம் தெரிந்துவிடும்.

● ‘சீசர்’ என்ற காக்டெயில் 1969இல் கால்கரியில் ஒரு ஹோட்டலில் வால்டர் செல் உருவாக்கியது. வோட்கா, தக்காளிச் சாறு, மட்டிச் சாறு, காரச் சாஸ், கிளாஸ் விளிம்பில் செலரி உப்பு. மட்டி போட்ட இத்தாலிய ஸ்பகெட்டிதான் தூண்டுகோல். தக்காளியும் மட்டியும் கலந்து வரும் ‘கிளமாட்டோ’ பாட்டில் வட அமெரிக்காவுக்கு வெளியே எளிதில் கிடைக்காது. அது இருக்கிறதா என்று கேட்டாலே போதும், கவுன்டருக்கு உள்ளே நிற்பவர் கனடாவைத் தெரிந்தவரா என்பது விளங்கிவிடும்.

● கனடிய பீர் என்று ஊற்றித் தருவதெல்லாம் இன்று கனடியருடையது இல்லை. ஸ்லீமன் 2006இல் ஜப்பானின் சப்போரோவிடம் போனது. லபாட் 1995இல் பெல்ஜிய நிறுவனத்திடம். மூஸ்ஹெட் மட்டும் இன்றும் ஓலண்ட் குடும்பத்தின் கையில். 1867இல் அதைத் தொடங்கிய சுசன்னா ஓலண்ட் ஒரு பெண்மணி என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

● 2013இல் மோல்சன் பீர் நிறுவனம் விளம்பரத்துக்காக ஐரோப்பாவில் சில இடங்களில் சிவப்பு ஃபிரிட்ஜ் ஒன்றை வைத்தது. கனடிய பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்தால்தான் கதவு திறக்கும். பாஸ்போர்ட் உள்ள ஒருவர் வரும்வரை மற்றவர்கள் காத்து நிற்க வேண்டியதுதான்.

● ஹாங்காங்கின் புகழ்பெற்ற பப் தெரு லான் குவாய் ஃபாங். அதை வளர்த்தெடுத்த ஆலன் சீமன் கனடாவின் மாண்ட்ரியலில் வளர்ந்தவர். ஆனால் 1983இல் அவர் அங்கே திறந்த உணவகத்தின் பெயர் ‘கலிபோர்னியா’.

● பப் வருவதற்கு முன்பும் வெளியூர்க் கனடியருக்குக் கூடும் இடம் தேவைப்பட்டது. 1940இல், போருக்கு வந்த கனடியச் சிப்பாய்களுக்காக டிரஃபால்கர் சதுக்கத்தை ஒட்டி ‘பீவர் கிளப்’ திறந்தார்கள். கனடாவின் ஹைகமிஷனர் வின்சென்ட் மாசி முன்னின்று நடத்தினார். பின்னாளில், 1952இல், கனடாவில் பிறந்த முதல் கவர்னர் ஜெனரல் ஆனவர் அவர்தான். 2006 முதல் 2011 வரை ஆப்கானிஸ்தானின் காந்தஹார் விமானத் தளத்தில் கனடியச் சிப்பாய்கள் கூடும் இடமாக இருந்தது டிம் ஹார்ட்டன்ஸ் காபிக்கடை. ஹாக்கி வீரர் ஒருவர் 1964இல் தொடங்கிய கடை அது. பாலைவனப் புழுதியில் சிப்பாய்கள் குடித்த காபி சுமார் 40 லட்சம் கப்.

● பனித்தரை ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையைக் கனடிய அணி ஒன்று கடைசியாக வென்றது 1993இல், மாண்ட்ரியல். அதன்பின் 2025 வரை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் பப் நிரம்புகிறது. இந்த நம்பிக்கைக்காகவே எனக்கு இவர்களை மிகவும் பிடிக்கும்.

● சைவ வாசகர்கள் கவனத்துக்கு: பூட்டீனில் கண்ணுக்குத் தெரிவது உருளைக்கிழங்கும் சீஸும்தான். ஆனால் வழக்கமான கிரேவி கோழி அல்லது மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. சைவ கிரேவி தரும் பப்களும் உண்டு. ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.