உங்களுக்குத் தெரியுமா? – மோதல்களின் கிடங்கு

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான் கொத்துகள் நொடிக்குச் சுமார் 4 கோடி முறை எதிரெதிரே கடக்கின்றன. அப்போது நிகழும் மோதல்கள் அத்தனையையும் பதிவு செய்தால் எந்தக் கிடங்கும் தாங்காது. எது வேண்டும், எது வேண்டாம் என்று ‘ட்ரிகர்’ எனும் வடிகட்டி சில மைக்ரோநொடிகளில் முதல் தீர்ப்பைச் சொல்லிவிடும். கழித்தது போனதுதான். அப்பீலே கிடையாது!

மிஞ்சியதைச் சேமிப்பது எதில்? காந்த நாடாவில். பாட்டு கேசட்டோடு ஒழிந்தது என்று நாம் நினைத்த அதே நாடாதான். 2017 ஜூனிலேயே அங்கே 200 பெட்டாபைட் சேர்ந்துவிட்டது (ஒரு பெட்டாபைட் பத்து லட்சம் ஜிகாபைட்). சும்மா கிடக்கும் நாடாவுக்கு மின்சாரச் செலவில்லை. எடுத்து மாட்ட ரோபோ இருக்கிறது.

நாடா பத்திரமாக இருந்தால் மட்டும் போதுமா? ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1979 முதல் 1986 வரை நடந்தது ‘ஜேட்’ என்ற துகள் மோதல் சோதனை. அணுக்கருவைக் கட்டிவைத்திருக்கும் வலுவிசை, ஆற்றல் கூடக் கூடத் தளர்வதைச் சோதிக்க அந்தத் தரவு பிற்பாடு தேவைப்பட்டது. பின்னால் வந்த பெரிய இயந்திரங்கள் அவ்வளவு குறைந்த ஆற்றலில் ஓடவில்லை. இயற்பியலாளர் சீக்ஃபிரீட் பெத்கேயின் குழு 1990களில் தேடக் கிளம்பியது. நாடாக்கள் கிடைத்தன. ஆனால் அவற்றைப் படிக்கும் நிரல்களோ காலாவதியான பெருங்கணினிக்காகப் பழைய ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியவை. மோதல் வீதக் கணக்கு இருந்த கோப்பைக் காணவே காணோம். அதன் அச்சுத்தாள் பிரதி ஒன்று அகப்பட, எண்களை உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்தார்கள். அதன் பிறகு வந்தன புதிய ஆய்வுக் கட்டுரைகள். (அச்சடித்த தாளை வீணென்று திட்டுகிறவர்கள் கவனிக்க.)

செர்னில் 2000-இல் நிறுத்தப்பட்ட ‘லெப்’ இயந்திரத்தின் ‘அலெஃப்’ சோதனைத் தரவிலிருந்தும் 2019-இல் ஒரு புதிய கட்டுரை வந்தது.

இன்று செர்ன் தரவில் ஒரு பகுதியை நீங்களும் இறக்கிக்கொள்ளலாம். 2014 முதல் இலவசம். ‘சி.எம்.எஸ்.’ சோதனையின் பழைய தரவுக்கு அக்கால இயங்குதளத்தையே மெய்நிகர் கணினியாகக் கட்டிக் கூடவே கொடுக்கிறார்கள். அது இல்லாமல் அந்தத் தரவைப் படிக்கும் நிரல்கள் உங்கள் புது லேப்டாப்பில் ஓடாது.