குதிரைக் குளம்பில் வெடிப்பா? தொடங்கிய இடத்தைப் பாருங்கள்!

வண்டிக் குதிரையோ, ரேக்ளா பந்தயக் குதிரையோ, அதன் மதிப்பு நான்கு குளம்புகளில்தான் இருக்கிறது. குளம்பில் கோடு போல வெடிப்பு தெரிந்தால், 'அடுத்த முறை லாடம் அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று பலர் விட்டுவிடுகின்றனர். சில வெடிப்புகள் தானாகவே வளர்ந்து வெளியேறிவிடும். சில வெடிப்புகளோ குதிரையை மாதக்கணக்கில் லாயத்திலேயே நிறுத்திவிடும்.

வெடிப்பு ஒட்டாது

குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போன்றது. அதில் ரத்த ஓட்டமோ உணர்ச்சியோ கிடையாது. எனவே, பிளந்த சுவர் தோல் காயம் போல மீண்டும் ஒட்டாது. முடி முடிந்து குளம்பு தொடங்கும் மேல் விளிம்பில் இருந்து புதுச்சுவர் வளர்ந்து இறங்க, பழைய வெடிப்பு கீழே தள்ளப்பட்டு, சீவும்போது வெளியேறும். குளம்பு மாதத்துக்கு 1 செ.மீ. அளவுக்கே வளரும். மேல் விளிம்பில் இருந்து நுனி வரை முழுதாக வளர 9 முதல் 12 மாதங்கள் ஆகும். இறங்கி வரும் புதுச்சுவர் மீண்டும் பிளக்காமல் காப்பதே சிகிச்சையின் நோக்கம்.

இரண்டு வகை

தரையில் இருந்து மேல் நோக்கிப் போகும் வெடிப்பு, பெரும்பாலும் குளம்பு நீளமாக வளர்ந்ததால் வருவது. ஆழம் குறைவாக இருந்தால், முறையாகச் சீவினாலே போதும்.

மேல் விளிம்பில் இருந்து கீழே இறங்கும் வெடிப்புதான் கவலைக்குரியது. விளிம்பில் பட்ட அடி, காயம், குளம்பின் ஒரு பக்கமே எடை தாங்குவது போன்றவை இதற்குக் காரணம். புதுச்சுவர் உருவாகும் இடமே பழுதாவதால், வளர வளர வெடிப்பும் தொடரும்.

வெடிப்பில் ரத்தம், சீழ், துர்நாற்றம், குளம்பில் சூடு, நொண்டுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், வேலையை நிறுத்திவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

ஏன் வெடிக்கிறது?

குளம்பின் நுனி நீண்டுவிட்டால், குதிரை எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் கடப்பாரையால் நெம்புவது போலச் சுவரைப் பிளக்கும். தார்ச் சாலை ஓட்டம் அதை அதிகமாக்கும். சிறுநீரும் சாணமும் தேங்கிய லாயத்தில் குளம்பு ஊறிப்போகும். பிறகு வெயிலில் காயும். இப்படி மாறி மாறி நனைந்து காய்ந்தால் சுவர் வலுவிழக்கும்.

தீவனமும் காரணமாகலாம். தவிட்டை மட்டும் நம்பி வளர்த்தால் சுண்ணாம்புச்சத்து குறையும். நல்ல புல்லுடன் குதிரை மசால் கொடுப்பது நல்லது. குளம்பு தரமின்றி உதிரும் குதிரைக்கு, மருத்துவர் ஆலோசனையுடன் பயோட்டின் நாளொன்றுக்கு 15 முதல் 20 மில்லி கிராம் வரை கொடுக்கலாம். இது புதிதாக வளரும் சுவருக்கே பலன் தரும். எனவே, 6 முதல் 9 மாதங்கள் வரை விடாமல் கொடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

* குளம்பைத் தினமும் சுத்தம் செய்து, அடிப்பகுதியையும் மேல் விளிம்பையும் பாருங்கள்.

* 6 முதல் 8 வாரங்களுக்கு ஒரு முறை குளம்பைச் சீவி, சமன் செய்யுங்கள்.

* வெடிப்பு தரையைத் தொடும் இடத்தில் மட்டும் விளிம்பை அரத்தால் லேசாகத் தேய்த்து, அங்கே எடை விழாமல் செய்யச் சொல்லுங்கள். வெடிப்பை ஒட்டி ஆணி அடிக்கக் கூடாது.

* ஆழமான வெடிப்புக்கு, பின்பக்கம் மூடிய லாடம் அடித்து அசைவைக் குறைக்கலாம். இதை மருத்துவரும் லாடம் அடிப்பவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

* ரணஜன்னி தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். இந்நோய் குதிரையை எளிதில் தாக்கும்; சிறு காயமே போதும், உயிரைப் பறித்துவிடும்.

செய்யக் கூடாதது

சீழ் உள்ள வெடிப்பை மெழுகு, பசை கொண்டு அடைக்காதீர்கள். கிருமி உள்ளே பெருகி, சீழ் மேல் விளிம்பை உடைத்துக்கொண்டு வெளிவரும். பழைய இன்ஜின் ஆயிலைப் பூசுவதால் வெடிப்பு ஒட்டாது.

வாங்கும் முன்...

அந்தியூர் குருநாதசுவாமி கோவில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கச் செல்வோர், நிறத்தையும் சுழியையும் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். குளம்பில் எண்ணெய் பூசியிருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். நான்கு கால்களையும் தூக்கிப் பார்த்து, கடினமான தரையில் நடத்தியும் ஓட்டியும் பாருங்கள். மேல் விளிம்பில் இருந்து இறங்கும் வெடிப்பு தெரிந்தால், அது சரியாக ஓராண்டு காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.