உயிரணுப் பிரிவும் விதைத் தேர்வும்

கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கத்தில் கரும்பு பயிரிடும் நண்பர், சென்ற போகத்துக் கரும்பிலிருந்தே கரணை வெட்டி நடுகின்றார். விளைவது அதே கரும்புதான். அரியலூர்க் கரிசலில் வீரிய ஒட்டுப் பருத்தி பயிரிடுபவரோ, தம் காட்டில் விளைந்த கொட்டையையே மறுபோகத்துக்கு விதைத்தால், செடிகள் நெட்டையும் குட்டையுமாய் வளர்கின்றன. பஞ்சும் ஒரே சீராக அமைவதில்லை. கரும்புக்குப் பொருந்தும் வழக்கம் பருத்திக்கு ஏன் பொருந்தவில்லை? இதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், உயிரணுவைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்புவதுபோல, எல்லாச் செடிகொடிகளும் விலங்குகளும் உயிரணுக்களால் ஆனவை. பெரும்பாலான உயிரணுக்கள் கண்ணுக்குப் புலப்படா. ஆயினும் நெசவாளர் தினந்தோறும் கையாளும் பொருளே இதற்கு ஒரு விலக்கு. பருத்தியின் பஞ்சிழை ஒவ்வொன்றும் தனியோர் உயிரணு. பூ மலரும் நாளில் கொட்டையின் மேற்றோலிலுள்ள அணு நீளத் தொடங்குகிறது. ஏறக்குறைய மூன்று வாரம் நீண்டு, தன் அகலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வளர்கிறது. பின்னர் அதன் சுவர் உட்புறமாகத் தடிக்கிறது. காய் வெடித்ததும் அணு உலர்ந்து முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கே நூற்கும்போது இழையோடு இழை பற்றிக்கொள்ள உதவுகின்றது.

உயிரணுவின் நடுவே உட்கரு என்னும் பகுதி உள்ளது. அணு பிரியும் தறுவாயில் அதற்குள் நூல் துண்டுகள் போன்ற சில உருவங்கள் தோன்றும். சாயமேற்றிப் பார்த்தால் இவை நிறத்தை நன்கு பற்றிக்கொண்டு தெளிவாகத் தெரியும். இதனாலேயே 1888இல் வால்டயர் என்ற ஜெர்மானிய அறிஞர், நிறமேறும் உடல் என்னும் பொருள்பட, இவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயரிட்டார். செடியின் உயரம், இழையின் நீளம், வலிமை முதலிய பரம்பரைக் குணங்கள் இவற்றின் வழியாகவே வருகின்றன. சேலையின் கரை எப்படி அமைய வேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டைகள் தறிக்கு உணர்த்துவதைப் போன்றது இது.

உயிரணு இருவகையாகப் பிரிகின்றது. உடல் வளர்வதற்கான பிரிவு முதல் வகை. இதில் குரோமோசோம் ஒவ்வொன்றும் முதலில் தன்னைப்போல் ஒரு நகலை உண்டாக்கிக்கொள்கிறது. பிறகு இரு மகவு அணுக்களுக்கும் முழுத் தொகுதி ஒவ்வொன்று போய்ச் சேர்கின்றது. கரணையிலுள்ள பரு முளைப்பது இவ்வாறுதான். எனவே புதுக் கரும்பு, தாய்க் கரும்பின் நகலாகவே அமைகின்றது. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்திலிருந்து 1918இல் வெளிவந்த கோ 205 போன்ற ரகங்கள், கரணை வழியாகவே பெருக்கப்பட்டன.

மகரந்தமும் சூலும் உண்டாவதற்கான பிரிவு இரண்டாம் வகை. இதில் தாய்வழி வந்த குரோமோசோமும் தந்தைவழி வந்ததும் இணையிணையாகச் சேர்ந்து, பின் பிரிந்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றே ஒரு பாலணுவுக்குச் செல்லும். ஆகவே எண்ணிக்கை பாதியாகும். கருவுறும்போது மீண்டும் முழுமை பெறும்.

இணை கிடைக்காவிடில் என்ன ஆகும்? கருங்கண்ணி போன்ற நம் நாட்டுப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள். அமெரிக்க வழிவந்த கம்போடியாப் பருத்திக்கு 52. இரண்டையும் கலந்தால் 13உம் 26உம் சேர்ந்து 39 ஆகும். பலவற்றிற்குத் துணை அமையாமையால், அச்செடி பெரும்பாலும் மலடாகின்றது. இத்தகைய எண்ணிக்கைகள் பயிர் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை. கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் 1934 முதல் பணியாற்றிய ஜானகி அம்மாள், டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் விவரங்களை 1945இல் நூலாக வெளியிட்டார்.

இனி வீரிய ஒட்டுப் பருத்திக்கு வருவோம். வாணிப முறையில் பயிரான உலகின் முதல் ஒட்டுப் பருத்தி, 1970இல் குஜராத்தின் சூரத்தில் சி. டி. படேல் உருவாக்கிய ஹைப்ரிட் 4. இதன் தாயும் தந்தையும் 52 குரோமோசோம் உடையவை. ஆதலால் மலட்டுத்தன்மை இல்லை. முதல் தலைமுறையில் எல்லாச் செடிகளும் ஒரே சீராக, வீரியத்தோடு விளைகின்றன. ஆயினும் அச்செடி பூக்கும்போது 26 இணைகளும் தனித்தனியே பிரிகின்றன. இதனால் உண்டாகக்கூடிய சேர்க்கைகள் 6 கோடியே 71 லட்சத்துக்கும் மேல்! இரு வேறு சேலைகளின் அட்டைகளைக் கலைத்துக் கோத்தால் கரை எப்படி அமையுமோ, அப்படியே இரண்டாம் தலைமுறைப் பயிரும் அமைகிறது. குட்டை இழையும் நீண்ட இழையும் கலந்த பஞ்சில் சீரான நூல் வராது. காட்டில் நேர்ந்த பிழை, தறியில் அறுந்த பாவாக வந்து நிற்கும்.

தூய ரகங்களின் நிலை வேறு. கோயம்புத்தூரில் உருவாகி 1974இல் வெளிவந்த சுவின், 120ஆம் நம்பர் நூல் நூற்க ஏற்ற நீண்ட இழைப் பருத்தி. அது ஒட்டுச்செடி அன்று. பல தலைமுறை தேர்ந்து நிலைப்படுத்திய ரகம். அதன் இரு தொகுதிகளும் ஏறக்குறைய ஒன்றே. எனவே தன் மகரந்தத்தாலேயே கருவுற்ற கொட்டை, தாயை ஒத்தே முளைக்கும். ஆனால் தேனீக்கள் பக்கத்துக் காட்டு மகரந்தத்தைக் கொண்டுவரக்கூடும். அரைவையிலும் கொட்டை கலக்கக்கூடும். இவ்விரண்டையும் காத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே அங்கத்தினர்கள் மூன்றை நினைவிற்கொள்வோமாக. நோயற்ற கரும்பிலிருந்து கரணை எடுக்கலாம். தூய ரகப் பருத்தியாயின், வேற்றுச் செடிகளைக் களைந்து, தனியே அரைத்து விதை சேமிக்கலாம். வீரிய ஒட்டாயின், ஆண்டுதோறும் புதுவிதையே வாங்க வேண்டும். விதைப் பையின் மீதுள்ள சீட்டை வாசித்து, அது ரகமா ஒட்டா என அறிந்த பின்னரே விதைப்போம். உழுபவரின் அந்த ஒரு கணக் கவனம், நெய்பவரின் கூலியையும் காக்கும்.