வீட்டுக்குள் ஒரு சின்னக் கடல்: உப்புநீர் மீன்தொட்டியில் தப்பு எங்கே நடக்கிறது? சரிசெய்வது எப்படி?

கோவையிலிருந்து கடலுக்குப் போக நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யணும். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு ஹாலில் மட்டும் 40 லிட்டர் கடல் இருக்கிறது. ஒரு ஜோடி கிளவுன் மீன், ஓர் இறால், கொஞ்சம் பாறை. அவ்வளவுதான்.

போன கோடையில் பத்து நாள் வெளியூர் போயிருந்தேன். "தண்ணி கொறஞ்சுட்டே போகுது கண்ணு, நான் ஊத்திட்டுத்தான் இருக்கேன்" என்று அப்பா போனில் சொன்னார். நிம்மதியாக இருந்தேன். திரும்பி வந்தால் இறால் செத்துக் கிடக்கிறது. மீன்கள் மூலையில் வேக வேகமாக மூச்சு வாங்குகின்றன. அப்பா ஊற்றியது, தொட்டி சுத்தம் செய்ய நான் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீர். "கடல் மீனுக்கு உப்புத் தண்ணிதானே ஊத்தணும்?" என்று கேட்டார். கேள்வியில் தப்பே இல்லை. இந்தத் தொட்டியை ஆரம்பிக்கும் பலரும் செய்யும் முதல் தவறு இதுதான்.

உப்பு ஏன் ஏறுகிறது?

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அப்படியென்றால் 40 லிட்டர் தொட்டியில் 1,400 கிராம். தினமும் அரை லிட்டர் ஆவியானால் பத்து நாளில் 5 லிட்டர் குறையும். மிச்சமிருக்கும் 35 லிட்டரில் அதே 1,400 கிராம். அதாவது லிட்டருக்கு 40 கிராம். குறைந்த 5 லிட்டரை உப்புத் தண்ணீரால் நிரப்பினாலும் அளவு 39 கிராமைத் தாண்டிவிடும்.

தீர்வு சுலபம். கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனால் உப்பில்லாத சுத்தமான நீரை மட்டும் தினமும் ஊற்றுங்கள். வாராவாரம் பத்து சதவீத நீரை எடுத்துவிட்டு மாற்றும்போதுதான் உப்புக் கலவை நீர். உப்பு ஏற்கெனவே ஏறியிருந்தால் ஒரே நாளில் இறக்கக் கூடாது, இரண்டு மூன்று நாளில் மெதுவாக இறக்கணும். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவியில் அளவு 1.025 பக்கம் நின்றால் போதும்.

சிறுவாணித் தண்ணீர் போதாதா?

நமக்குக் குடிக்க அருமையான தண்ணீர்தான். ஆனால் குழாயில் வரும்போது அதில் குளோரின் இருக்கும், அது மீனுக்கு ஆகாது. போர் தண்ணீரில் கரைந்த உப்புகள் அதிகம், பாசிக்கு அதுவே உரம். ஆர்.ஓ. நீரை அயனி நீக்கும் வடிகட்டியிலும் விட்டு, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டினால் நல்லது. சமையல் உப்பும் கல் உப்பும் வேலைக்காகாது. கடல்நீரில் மெக்னீசியம், கால்சியம் எல்லாம் உண்டு என்பதால் அதற்கென்றே விற்கும் உப்புக் கலவைதான் வேண்டும்.

புதுத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது?

அவசரம்தான் காரணம். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் ஆபத்து. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் நிலைமை சமாளிக்கும் அளவுக்கு வரும். இந்த பாக்டீரியாக்கள் பாறையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டும் வரை மீன் வேண்டாம்.

பழுப்பு, பச்சை, சிவப்பு... என்ன செய்வது?

ஆரம்பத்தில் மணல் மேல் படியும் பழுப்புப் படலம் டயட்டம். பெரும்பாலும் தானாகவே போய்விடும். பச்சை முடி போல வளர்ந்தால் தீனியும் வெளிச்சமும் அதிகம் என்று அர்த்தம். தீனியைக் குறைத்து, விளக்கை எட்டு மணி நேரத்தோடு அணைத்துவிடுங்கள். வழவழப்பான சிவப்புப் படலம் சயனோபாக்டீரியா. அதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டணும். ஒரு எச்சரிக்கை: மீன் நோய்க்குத் தரும் செம்பு மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது. இறால், நத்தை எல்லாம் செத்துவிடும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து.

வெயில், கரண்ட் கட்

25 முதல் 27 டிகிரி வரை வெப்பம் இருப்பது நல்லது. நம்ம ஊர் ஏப்ரலில் சின்னத் தொட்டி சீக்கிரமே 30-ஐத் தாண்டிவிடும். தண்ணீர் மேல் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாவது கூடும், முதலில் சொன்ன கோட்டை மறக்காதீர்கள். மாதாந்திர பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வந்தால் அன்று தீனி போட வேண்டாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

சரி, பவளம் வைக்கலாமா?

இதைத்தான் கடையில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. பவளப்பாறையை உருவாக்கும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இறந்த பவளத் துண்டுக்கும் விலக்கு இல்லை. 'லைவ் ராக்' என்று விற்கப்படும் கல்லும் பவள எலும்புக்கூடாக இருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பீங்கான் கற்கள் போதும், பாக்டீரியாவுக்கு வித்தியாசம் தெரியாது. மீனிலும் பண்ணையில் பிறந்ததையே கேட்டு வாங்கலாம். கிளவுன் மீனை வளர்ப்புச் சூழலில் குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பத்தில் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் வேலை செய்திருக்கிறது.

இந்தச் சட்டம் எதற்கு என்று தெரிய மன்னார் வளைகுடாவைப் பார்த்தால் போதும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2010-லும் 2016-லும் கடல் சூடாகி, அங்கே பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன. நம் ஹாலில் 40 லிட்டர் சூடானால் ஒரு ஃபேன் வைக்கலாம், அவ்வளவு பெரிய கடலுக்கு யார் ஃபேன் வைப்பது?

இப்போது எங்கள் தொட்டிப் பக்கத்தில் இரண்டு கேன் இருக்கின்றன. ஒன்றில் 'தினமும்' என்றும், இன்னொன்றில் 'ஞாயிறு மட்டும்' என்றும் எழுதி ஒட்டியிருக்கிறது. எழுதியது அப்பா. புது இறால் வந்து மூன்று மாதம் ஆகிறது, நல்லாத்தான் இருக்குதுங்க.